காருக்கு நாடி பார்த்தவர்

மனிதனுக்கு நாடி பார்க்கிற வைத்தியரை எப்போது வேண்டுமானாலும் போய்ப் பார்த்துவிடலாம். காருக்கு நாடி பார்க்கிறவரைப் பார்க்க வேண்டுமென்றால் விடிந்ததும் போய் டோக்கன் வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றால் டோக்கன் வாங்குகிற வரிசையில் நிற்பதற்கே தனி டோக்கன். தகரக் கூரை போட்ட அந்தப் பழைய கிடங்குக்கு முன்னால் கார்கள் தெருமுனை வரைக்கும் நிற்கும். பாதிக் கார்கள் தாமாக ஓடி வந்தவை. மீதியைக் கயிறு கட்டி இழுத்து வந்திருப்பார்கள். இழுத்து வந்தவர்களின் முகத்தில்தான் பக்தி சொட்டும்.

நாடி மாஸ்டர் கிரீஸ் படாத மனிதர். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, மோதிரங்கள் மின்னுகிற விரல்கள். சூடாக இருக்கிற போனட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடுவார். கூட்டம் மூச்சை அடக்கிக்கொள்ளும். "இந்த வண்டியை உங்களுக்கு முன்னாடி வேற ஒருத்தர் வச்சிருந்தாரு. அவரோட நிழல் இன்னும் இறங்கல" என்பார். உடனே, "ஆமாங்கய்யா! எப்படிங்கய்யா கண்டுபிடிச்சீங்க!" என்று ஒரு அலறல் எழும். பழைய காருக்குப் பழைய சொந்தக்காரர் இருக்காமல் வேறு யார் இருப்பார்? இதைக் கண்டுபிடிக்க ஞானக்கண் எதற்கு, இருக்கிற இரண்டு கண்ணே போதாதா என்று ஒரு ஆத்மாவும் கேட்டதில்லை.

பிறகு போனட் திறக்கும். பேட்டரியின் மேல் ஒரு கறுப்புத் துணியைப் போர்த்துவார். துணிக்குள் இரண்டு கைகளையும் விட்டு, உதடு முணுமுணுக்க, அரை மணி நேரம் 'நிழல் எடுப்பார்'. எடுத்து முடித்துச் சாவியைத் திருகினால் பத்தில் ஏழு வண்டி கிளம்பும். அந்த ஏழு பேரும் ஊரெல்லாம் போய்ச் சொல்வார்கள். கிளம்பாத மூன்று பேர், "எங்களுக்கு நம்பிக்கை பத்தல போல" என்று தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மறுபடியும் கயிற்றைக் கட்டுவார்கள். கிளம்பினால் மாஸ்டரின் சக்தி, கிளம்பாவிட்டால் வாடிக்கையாளரின் குற்றம். இப்படி ஒரு நஷ்டமே இல்லாத தொழிலை எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை.

இந்த மாஸ்டரிடம்தான் பார்சல் ஆபீஸில் எடை போடுகிற அந்தப் பெண்ணின் விதியைக் கொண்டுபோய் ஒப்படைத்தார்கள். ஒப்படைத்தவர்கள் வேறு யாருமல்ல. சொந்தப் புருஷனும் மாமியாரும்தான்.

புருஷனுக்கு ஒரு கார் இருந்தது. கார் என்று சும்மா சொல்லக்கூடாது, ரேஸ் கார் என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவனுக்குக் கோபம் வரும். இருபத்தைந்து வருஷத்துப் பழசு. சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, தரையை நக்கிக்கொண்டு போகிற உயரம். அதில் ஏறுவதென்றால் படுக்க வேண்டும். இறங்குவதென்றால் மறுபடி பிறக்க வேண்டும். மாமியார் முட்டிவலிக்காரி, அதன் பக்கமே போக மாட்டாள். நண்பர்களை அவன் ஏற்ற மாட்டான். செருப்புத் தூசி விரிப்பில் படுமாம்! ஆகவே அந்த வண்டியில் உட்காருகிற பேறு பெற்றவர்கள் உலகத்தில் இரண்டே பேர்: அவனும் அவளும்.

சிக்கலும் அங்கேதான். அவன் தனியாக ஓட்டினால் வண்டி சிங்கம். அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் போகிற போக்கில் 'டப்' என்று உயிரை விட்டுவிடும். எஞ்சின் சத்தம் போய்விடும், மீட்டர் முள்ளெல்லாம் படுத்துவிடும். தள்ளலாம் என்று அவள் இறங்கிப் பின்னால் போவாள். அவன் சாவியைத் திருகுவான். உடனே 'உர்ர்' என்று உறுமும். ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, ஆறு மாதத்தில் பதினோரு தடவை. பதினோராவது தடவை பின்னால் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. லாரிக்காரன் பிரேக்கை மிதித்த மிதியில்தான் இரண்டு பேரும் வீடு வந்து சேர்ந்தார்கள்.

நான்கு மெக்கானிக்குகள் பார்த்தார்கள். ஒருவர் பிளக்கை மாற்றினார். ஒருவர் காயிலை மாற்றினார். மூன்றாமவர் பெட்ரோல் பம்பை மாற்றினார். நாலாமவர் மாற்றுவதற்கு மிச்சம் ஒன்றும் இல்லாததால் முதலாமவர் மாற்றிய பிளக்கையே மறுபடி மாற்றினார். நாலு பேரும் தெருவைச் சுற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "ராஜா மாதிரி ஓடுது சார்."

அப்புறம் மாஸ்டர்தானே கதி? போனார்கள். கறுப்புத் துணி போர்த்தி நிழல் எடுத்தாயிற்று. கண்ணாடியில் செம்புக் குழல் ஒன்று 'கவசம்' என்று தொங்கவிட்டாயிற்று. மறுநாளே, அவளை ஏற்றிக்கொண்டு போகிற வழியில், 'டப்'. இரண்டாம் தடவை போனபோது மாஸ்டர் போனட்டில் கை வைப்பதற்கு முன்னால் மாமியார் வாயில் கை வைத்தார் என்று சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் அங்கிருந்தே பிடுங்கிக்கொண்டார்.

"நிக்கும்போது வண்டில யார் இருந்தாங்க?"

"என் மகனும் மருமகளும்தாங்கய்யா."

"மருமக இல்லாதப்போ?"

மாமியார் யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவள் முகம் வெளுத்தது. "இல்லாதப்போ... ஒரு வாட்டிகூட நின்னதில்லைங்கய்யா."

மாஸ்டர் கண்ணை மூடினார். அவர் வேறென்ன செய்ய வேண்டும்? பரீட்சை வைக்கிறவரே விடையைச் சொல்லிவிட்டால் எழுதவேண்டியது மட்டும்தானே பாக்கி! "அந்தப் பொண்ணோட நிழல்தான் எஞ்சின் மேல விழுது. வண்டியோட போகாது. வண்டி ஓட்டுறவர் உயிருக்கே ஆபத்து. வர்ற ஞாயிற்றுக்கிழமை பெரிய நிழல் எடுக்கணும். அன்னிலேர்ந்து ஒரு வருஷம் உங்க வீட்டு வாசல்ல அந்தப் பொண்ணு நிழல் படக் கூடாது" என்று தீர்ப்புச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து மாமியார் இதைச் சொல்லும்போது அழுதாள். கெட்டவள் இல்லை. லாரியை நினைத்துப் பயந்துபோன தாய். "ஒரு வருஷந்தானேம்மா. உங்க அண்ணன் வீட்டுல இரு. எனக்கு இருக்கிறது ஒரே பையன்" என்றாள். மருமகள் புருஷனைப் பார்த்தாள். அவன் சாவிக்கொத்தைப் பார்த்தான். அவனுக்குத் திறக்கத் தெரிந்தது போனட் மட்டும்தான், வாய் அல்ல.

அவளுக்கு மாமியார் மேலே வந்தது வருத்தம். மாஸ்டர் மேலே வந்தது கோபம். அவன் மேலே வந்ததற்கு என்ன பெயர் வைப்பது என்றே அவளுக்குத் தெரியவில்லை. ஏழு வருஷம் குடும்பம் நடத்தியவளை ஒரு கார் வேண்டாம் என்று சொன்னதாக எவனோ சொன்னால், தலையாட்டிவிட்டுப் பெட்டியைப் பரண்மேலிருந்து இறக்கிக் கொடுக்கிறானே! அவள் புடவைகளை அடுக்கினாள். அடுக்கிக்கொண்டே அழுதாள். அழுது முடித்ததும் பார்சல் ஆபீஸ் புத்தி வேலை செய்யத் தொடங்கியது.

'நான் ஏறினால் நிற்கிறது. இறங்கினால் ஓடுகிறது. சரி. என்னிடம் அப்படி என்ன இருக்கிறது? ஐம்பத்தெட்டு கிலோ இருக்கிறது.'

சனிக்கிழமை பகல். அவன் வேலைக்குப் பஸ்ஸில் போயிருந்தான். பெரிய நிழல் எடுக்கிறவரை வண்டியை ஓட்டக் கூடாதாம். மாமியார் மறுநாளைக்கு டோக்கன் வாங்கப் போயிருந்தாள். சாவி ஆணியில் தொங்கியது. அவள் இருபது லிட்டர் தண்ணீர் கேன்கள் மூன்றைத் தூக்கி வந்து தன் இருக்கையில் அடுக்கினாள். இரண்டு கிலோ கூடுதல்தான், போகட்டும். எஞ்சினைக் கிளப்பினாள்.

ஓடியது. கால் மணி நேரம் ராஜா மாதிரி ஓடியது.

அப்படியானால் எடை இல்லையா? நிஜமாகவே நான்தானா? சொன்னால் வெட்கம், ஆனாலும் அந்த ஒரு நிமிஷம் அவளும் மாஸ்டரை நம்பினாள். எத்தனையோ பேர் சேர்ந்து ஒருத்தியைப் பார்த்து நீ விளங்காதவள் என்று சொன்னால், கடைசியில் அவளே கண்ணாடியில் போய்ப் பார்த்துக்கொள்வாள். இந்த வியாபாரத்தின் முதலீடே அதுதான்.

கேன்களை இறக்கிவிட்டு அவளே ஏறி உட்கார்ந்தாள். கையைக் கட்டிக்கொண்டாள். நின்றுவிடும், இதோ நின்றுவிடும் என்று காத்திருந்தாள். நிற்கவில்லை! அவள் உட்கார்ந்திருக்க, அவளுடைய நிழல் முழு அளவில் விழுந்திருக்க, எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"அடப் பாவி!" என்றாள் உரக்க. யாரைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. "நான் இருந்தும் ஓடுதே! அப்போ, அவர் ஓட்டும்போது நான் வேற என்ன பண்றேன்?"

கண்ணை மூடி நினைத்துப் பார்த்தாள். கடைசியாக நின்ற இடம் ஒரு வளைவு. முன்னால் ஒரு பஸ். அவன் வழக்கம்போல வேகத்தைக் குறைக்கவில்லை. அவள் வழக்கம்போல... அவள் கால் தானாகவே முன்னால் நீண்டது. பயந்த சுபாவமுள்ளவர்கள் எல்லோரும் பக்கத்து இருக்கையில் செய்கிற வேலைதான். பிரேக்கே இல்லாத பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, இரண்டு காலாலும் தரையை அழுத்தி, பிரேக் போடுவது!

அழுத்தினாள். 'டப்'.

மறுபடி கிளப்பினாள். அழுத்தினாள். 'டப்'. ஆறு தடவை செய்தாள். ஆறு தடவையும் 'டப்'. ஏழாவது தடவை அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உலகத்தில் கோடிக்கணக்கான பேர் புருஷன் ஓட்டும்போது இல்லாத பிரேக்கை மிதிக்கிறார்கள். நிஜமாகவே வண்டியை நிறுத்திக் காட்டியது இவள் ஒருத்திதான்.

மாஸ்டரின் கிடங்குக்கு எதிரிலேயே கார்களுக்கு வயரிங் பார்க்கிற ஒரு கடை இருந்தது. கடை இருந்தது, வாடிக்கையாளர்தான் இல்லை. அந்த வயர்காரரை அவள் ஆட்டோ வைத்து அழைத்து வந்தாள். அவர் விரிப்பைத் தூக்கினார். கால் வைக்கிற பலகையைக் கழற்றினார். அதன் அடியில் ஒரு தகரப் பெட்டி இருந்தது.

"இதாம்மா எஞ்சினோட மூளை. இந்த மாதிரிப் பழைய வண்டில இங்கதான் வச்சிருப்பாங்க. இதோ, இதுலேர்ந்து பாடிக்குப் போற எர்த் வயரு. நட்டு லூஸு, வளையம் பூரா துரு. எப்பவோ மழைத் தண்ணி இறங்கியிருக்கு. நீ பலகையை அழுத்துறப்போ வயரு இழுபடுது, வளையம் தூக்கிக்குது, மூளைக்குக் கரண்டு கட். காலை எடுத்தா மறுபடி ஒட்டிக்குது."

"நாலு மெக்கானிக் பார்த்தாங்களே அண்ணே?"

"தனியா ஓட்டிப் பார்த்திருப்பாங்க. இருமல்காரன் இருமுறப்போ பார்க்காம, தூங்குறப்போ போய்ப் பார்த்தா என்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுத்தார். "ஒரு நிமிஷ வேலை. முறுக்கி விட்டுடறேன்."

அவள் அவர் கையைப் பிடித்துத் தடுத்தாள். "வேண்டாம் அண்ணே! இன்னிக்கு முறுக்கிட்டா நாளைக்கு வண்டி ஓடும். நான் அண்ணன் வீட்டுக்குப் போனதாலதான் ஓடுதுன்னு சொல்லுவாங்க. பலகையை இருந்தபடியே மாட்டுங்க. நாளைக்கு டெஸ்ட் லேம்ப்பை எடுத்துக்கிட்டு எதிர்ல வந்து நில்லுங்க, போதும்."

ஞாயிற்றுக்கிழமை கிடங்கு வாசலில் எள் போட்டால் எள் விழாது. சிவப்புக் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்து, கிடங்கை ஒட்டிய திடலின் நடுவில் நிறுத்தியிருந்தார்கள். நிழல் பிடித்த பெண்ணைப் பார்க்கத் தனிக் கூட்டம். அவள் பெட்டியோடு வந்து, காரிலிருந்து இருபதடி தள்ளி நின்றாள்.

"ஐயா, நான் இப்படியே அண்ணன் வீட்டுக்குப் போறேன். போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு ஆசை" என்றாள். "நான் ஏறாம இந்த வண்டி நிக்காம ஓடுறதை என் கண்ணால பார்க்கணும். நீங்களே என் இடத்துல உக்காருங்க. அவர் எப்பவும் போல ஓட்டட்டும். இந்தத் திடலை மூணு சுத்து. ஓடிருச்சுன்னா என் மேலதான் தப்பு. ஒரு வருஷம் என்ன, ஆயுசுக்கும் வரலை."

மாஸ்டரின் முகம் மலர்ந்தது. அவள் இல்லாவிட்டால் வண்டி நிற்காது என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே விஷயம். கூட்டத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஏறிப் படுத்தார். அதாவது, உட்கார்ந்தார்.

"என்னங்க, எப்பவும் போல ஓட்டணும்" என்றாள் அவள். ஆறு மாதத்தில் அவன் தயங்காமல் கேட்ட பேச்சு அது ஒன்றுதான்.

சீறிக்கொண்டு புறப்பட்டான். முதல் வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைக்கவில்லை. மாஸ்டரின் வாய் பிளந்தது. கண் பிதுங்கியது. ஞானமெல்லாம் தலையிலிருந்து காலுக்கு இறங்கி, இரண்டு காலும் தரையை ஓங்கி மிதித்தன.

'டப்'.

அவன் மறுபடி கிளப்பினான். இரண்டாவது வளைவு. 'டப்'. கிளப்பினான். மூன்றாவது வளைவு. 'டப்'.

"அது... அந்தப் பொண்ணு பார்க்குது! பார்வை படுது!" என்று ஜன்னல் வழியே கத்தினார் மாஸ்டர். அவள் உடனே வயர்காரரின் கடைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் மறுபடி ஓட்டினான். 'டப்'. உள்ளே இருந்தவளுக்கு அந்தச் சத்தம் கேட்டது. வாழ்க்கையில் அவ்வளவு இனிப்பான சத்தத்தை அவள் கேட்டதில்லை.

கதவைத் திறந்து வந்து கேட்டாள்: "ஐயா, இப்ப விழுந்தது யாரோட நிழல்?"

யாரோ ஒருவர் சிரித்தார். ஒருவர் சிரித்துவிட்டால் போதும், பக்தி அதற்கு மேல் தாங்காது. வயர்காரர் வந்தார். பலகையைத் தூக்கி, டெஸ்ட் லேம்ப்பின் ஒரு நுனியைப் பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டி, மறு நுனியை எர்த் வயரில் வைத்தார். லேம்ப் எரிந்தது. "யார் வேணும்னாலும் வந்து இந்த வயரை அழுத்துங்க" என்றார். ஒரு டாக்ஸி டிரைவர் அழுத்தினார், அணைந்தது. கையை எடுத்தார், எரிந்தது. ஒரு கிழவர் அழுத்தினார், அணைந்தது. கடைசியில் மாமியாரே குனிந்து, முட்டிவலியோடு அழுத்தினாள். அவளுக்கும் அணைந்தது. அவள் நிமிரவே இல்லை. நாலைந்து தடவை அழுத்தி அழுத்தி எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்ஸி டிரைவருக்குப் புது யோசனை வந்தது. மாஸ்டரின் கறுப்புத் துணியை எடுத்து உதறினார். உள்ளே தைத்திருந்த பையிலிருந்து ஒரு சின்ன ஸ்பேனரும், தேய்ந்துபோன உப்புத்தாளும் விழுந்தன.

"அட, இது நம்ம சரக்கு!" என்றார் வயர்காரர். "பேட்டரி முனைல அழுக்குப் பிடிச்சா வண்டி கிளம்பாது. கழட்டி, தேய்ச்சு, இறுக்கி மாட்டினா கிளம்பும். வர்ற வண்டில பாதிக்கு இதான் வியாதி. சூடேறி நிக்கிற வண்டிங்க இன்னும் கொஞ்சம். அதுங்களை அரை மணி நேரம் சும்மா விட்டாலே ஆறிப் போய்க் கிளம்பிடும். நானும் இதைத்தான் செய்யறேன். துணி போர்த்தத் தெரியாம போச்சு, அதான் என் கடையில ஈ ஓட்டறேன்."

நாலு பேர் தங்கள் காரின் கண்ணாடியில் தொங்கிய கவசத்தைப் பிடுங்கி உடைத்தார்கள். ஒவ்வொரு செம்புக் குழலுக்குள்ளும் எரிந்துபோன ஒரு ஃப்யூஸ் இருந்தது. மாஸ்டர் தன் சொந்தக் காரில் ஏறித் தப்பிக்கப் பார்த்தார். அது கிளம்பவில்லை. பேட்டரி முனையைத் தேய்க்க உப்புத்தாள் அவர் கையில் இல்லையே! பின்பக்கச் சந்தில் நடந்தே போனதைப் பார்த்ததாகச் சொல்கிறார்கள். இவ்வளவும் நடந்து முடிந்த பிறகு, வரிசையில் நின்ற ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம் கவலையோடு கேட்டார்: "இவர் போய்ட்டாரே, வேற நல்ல மாஸ்டர் யாராவது இருக்காங்களா?"

வயர்காரர் துருவைத் தேய்த்து நட்டை முறுக்கினார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. புருஷன் அவள் பக்கத்தில் வந்து நின்றான். காதுவரை சிவந்திருந்தான்.

"தப்பு வண்டிலதான் இருந்திருக்கு" என்றான்.

"இல்லைங்க. வண்டில இருந்தது ஒரு லூஸு நட்டு. தப்பு உங்ககிட்ட இருந்தது." அவள் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள். "நாலு மெக்கானிக்கைக் கேட்டீங்க. இந்த ஆளை ரெண்டு வாட்டி கேட்டீங்க. பன்னெண்டு தடவை வண்டி நின்னப்பவும் பக்கத்துலயே இருந்தவ நான். 'அந்த நேரத்துல நீ என்ன பண்ணே?'ன்னு என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? கேட்டிருந்தா, 'உங்க வேகத்துக்குப் பயந்து கால ஊனினேன்'னு முதல் நாளே சொல்லியிருப்பேனே!"

அவன் மறுபடியும் சாவிக்கொத்தைப் பார்த்தான். மாமியார்தான் வந்து மருமகளின் கையைப் பிடித்தாள். "என்னைத் திட்டிக்கோம்மா. ஆனா வீட்டுக்கு வா" என்றாள். "வர்றேன் அத்தை. அது என் வீடு, நீங்க கூப்பிட்டாலும் கூப்பிடாட்டியும் வருவேன்" என்றாள் அவள். இரண்டு பெண்களும் பஸ்ஸில் போனார்கள். ரேஸ் கார் அவனை மட்டும் சுமந்துகொண்டு ராஜா மாதிரி ஓடியது.

காருக்கு வாய் கிடையாது. அதனால்தான் அதன் கோளாறைக் கண்டுபிடிக்க லேம்ப்பும் கம்பியும் ஸ்பேனரும் தேவைப்படுகின்றன. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மனிதருக்கு வாய் இருக்கிறது ஐயா! கேட்டுத் தொலையுங்களேன், காசா பணமா?